சிறு கணிப்பொறி போர்டில் மென்பொருள் ஏற்றும் முறை

கிராமப் பஞ்சாயத்தின் கடமைகளுள் குடிநீர் வழங்குதல் தலையாயது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் நீரை மேலே ஏற்றுகிறது. மேல்நிலைத் தொட்டி அதனைத் தேக்கி வைக்கிறது. குழாய்கள் அதனைத் தெருக்களுக்குக் கொண்டு செல்கின்றன. இம்மூன்றும் செம்மையாக அமைந்திருந்தும், தொட்டி நிரம்பிய வேளையை அறிய வழியில்லாமையால் நீரும் மின்சாரமும் வீணாவதைப் பல ஊர்களில் காண்கிறோம். இக்குறையைப் போக்கத் தானியங்கிக் கருவிகளை வாங்கிப் பொருத்திய ஊர்களும் உண்டு. ஆனால் கருவியை வாங்குவது வேறு. அதனை நம் சொற்படி நடக்கச் செய்வது வேறு. இரண்டாவதைப் பற்றியதே இப்பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்றிருந்த ஓர் ஊரில், மோட்டாரைக் குறித்த நேரத்தில் ஓட்டி நிறுத்தும் கருவியொன்று தொட்டியின் அடியில் ஒரு பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தது. ஓராண்டுக் காலம் அது குறைவின்றி உழைத்ததாம். பின்னர் அவ்வூருக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம் மாற்றப்பட்டது. கருவியோ பழைய நேரத்தையே பற்றிக்கொண்டு நின்றது. நேரத்தை மாற்றியமைக்க அதனை விற்றவர் நேரில் வரவேண்டும், உள்ளிருக்கும் நிரல் அவர் ஒருவரிடமே இருந்தது, அவரோ வரவில்லை. கருவி கெடவில்லை, கம்பி அறுபடவில்லை, விளக்கும் எரிந்தது. ஆயினும் அது ஊருக்குப் பயன்படாப் பொருளாயிற்று. தொட்டி இயக்குபவர் முன்போலவே விடியுமுன் எழுந்து, ஏணியில் ஏறி நீர்மட்டத்தைப் பார்க்கலானார்.

இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிப்பது யாதெனில், ஒரு கருவியின் உயிர் அதன் உள்ளிருக்கும் நிரலில் இருக்கிறது. அந்நிரல் ஊராரின் கையில் இல்லையெனில் கருவியும் ஊராருடையதன்று என்பதாம்.

திறந்த மென்பொருள் என்றால் என்ன?

கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். அத்தகைய நிரல்களைப் பொதுவாக மென்பொருள் என்கிறோம். சில மென்பொருள்களின் மூல வடிவத்தை ஆக்கியோர் மறைத்து வைப்பர். வேறு சிலர், யாரும் படிக்கலாம், உபயோகிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று உரிமை அளித்து வெளியிடுவர். இவ்விரண்டாம் வகையே திறந்த மென்பொருள். விதை நெல்லைத் தானே எடுத்து வைத்து மறுபோகம் விதைக்கும் உழவருக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஒன்றை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். உரிமை உண்டு என்பதனால் உத்தரவாதமும் உண்டு என்று எண்ணலாகாது. இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் உத்தரவாதம் ஏதுமின்றியே தரப்படுகின்றன. சோதித்துப் பார்த்துப் பயன்படுத்தும் பொறுப்பு நம்முடையது.

நாம் எடுத்துக்கொள்ளும் போர்டு

பொழுதுபோக்காகவும் பயிற்சிக்காகவும் பலர் கையாளும் சிறு கணிப்பொறிகளை மைக்ரோகண்ட்ரோலர் போர்டு என்று அழைக்கின்றனர். 2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில் தோன்றிய ஆர்டுவினோ என்னும் போர்டு, பொறியியல் பயிலாதவரும் இத்துறையில் இறங்க வழி திறந்தது. இப்பாடத்திற்கு நாம் எடுத்துக்கொள்வது ராஸ்பெரி பை பைகோ என்னும் போர்டு. இது 2021ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்து நாட்டில் 4 டாலர் விலைக்கு வெளியிடப்பட்டது. நீளம் 51 மில்லிமீட்டர், அகலம் 21 மில்லிமீட்டர்; அதாவது ஒரு தீப்பெட்டியினும் ஒடுக்கமானது. இருபுறமும் இருபது இருபதாக 40 இணைப்பு முனைகள் உண்டு. நிரலைச் சேமிக்க 2 மெகாபைட் இடமும், வேலை செய்யும்போது உபயோகிக்க 264 கிலோபைட் நினைவகமும் இதிலுள்ளன. மேசைக் கணிப்பொறியுடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறியதே. ஆயினும் ஒரு தொட்டியைக் காவல் காக்க இது தாராளமாகப் போதும்.

இதில் ஏற்றப்போகும் மென்பொருள் மைக்ரோபைத்தான் எனப்படும். பைத்தான் என்னும் கணிப்பொறி மொழி 1991இல் வெளியானது. அதனைச் சிறு போர்டுகளுக்கு ஏற்பச் சுருக்கி அமைத்தவர் டேமியன் ஜார்ஜ் என்பவர். 2013ஆம் ஆண்டில் பொதுமக்களிடமிருந்து சிறு சிறு தொகைகளாக நிதி திரட்டி அவர் இப்பணியை நிறைவேற்றினார். இது திறந்த மென்பொருள்; விலை கிடையாது.

வேண்டிய பொருள்கள்

1. பைகோ போர்டு ஒன்று. முனைகளில் ஊசிகள் பற்றவைக்கப்பட்டே வரும் வகையை வாங்கினால், பற்றவைக்கும் சிரமம் இராது.

2. மைக்ரோ யூஎஸ்பி கேபிள் ஒன்று. பழைய கைப்பேசிகளுக்கு உபயோகித்த கேபிளே இது.

3. ஒரு கணினி. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் மாணவர் பெற்ற கணினிகள் பல வீடுகளில் உள்ளன. நல்ல நிலையிலிருப்பின் அத்தகைய பழைய கணினியே இவ்வேலைக்குப் பெரும்பாலும் போதும்.

4. மைக்ரோபைத்தான் கோப்பு. இதனை அம்மென்பொருளின் சொந்த இணையத்தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். போர்டுகளுக்குத் தக்கபடி கோப்புகள் வேறுபடும். ஆகவே போர்டின் பெயரைப் படித்து, அதற்குரியதையே எடுக்க வேண்டும். கோப்பின் பெயர் 'யூஎஃப்2' என்று முடியும்.

5. தான்னி என்னும் மென்பொருள். நிரல் எழுதுவதற்குரிய பலகை இது. எஸ்தோனியா நாட்டின் தார்த்து பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கற்போருக்கென்றே ஆக்கப்பட்டது. இதுவும் திறந்த மென்பொருளே.

ஏற்றும் முறை

முதற்படி: போர்டின் மேல் 'பூட்செல்' என்று எழுதிய சிறு வெள்ளைப் பொத்தான் ஒன்றுண்டு. கேபிளின் ஒரு முனையைப் போர்டில் செருகுக. பொத்தானை அழுத்திப் பிடித்தவாறே மறுமுனையைக் கணினியில் செருகுக. பின்னர் பொத்தானை விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: கணினியின் திரையில் 'ஆர்பிஐ-ஆர்பி2' என்ற பெயருடன் புதிய டிரைவ் ஒன்று தோன்றும். பென் டிரைவைச் செருகினால் தோன்றுவது போன்றதே இது.

மூன்றாம் படி: இறக்கி வைத்த கோப்பை அந்த டிரைவுக்குள் நகலெடுக்க வேண்டும். சில வினாடிகளில் வேலை முடியும். முடிந்தவுடன் அந்த டிரைவ் தானாகவே மறைந்துவிடும். டிரைவை முறையாக அகற்றவில்லை என்று சில கணினிகள் எச்சரிக்கும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டாம். டிரைவ் மறைவதே மென்பொருள் ஏறியதற்கு அடையாளம்.

நான்காம் படி: தான்னியைத் திறந்து, அதன் வலப்புறக் கீழ் மூலையில் 'மைக்ரோபைத்தான், ராஸ்பெரி பை பைகோ' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் மூன்று அம்புக்குறிகள் போன்ற அடையாளம் தோன்றும். அவ்விடத்தில் 2+3 என்று எழுதி என்டர் விசையை அழுத்தினால் 5 என்று விடை வரும். இவ்விடையைக் கணக்கிட்டுத் தந்தது மேசைமீதுள்ள கணினியன்று, கையிலுள்ள போர்டு.

ஐந்தாம் படி: போர்டிலேயே ஒரு சிறு பச்சை விளக்கு இருக்கிறது. அது 25ஆம் எண் கொண்ட உள்முனையோடு இணைக்கப்பட்டுள்ளது. அம்முனையை 'வெளியீடு' என்று அறிவித்து, ஒரு வினாடி ஏற்றி, ஒரு வினாடி அணைத்து, இதனை ஓயாமல் செய்க என்று கட்டளையிட வேண்டும். இந்நிரல் ஆறேழு வரிகளுக்கு மேற்படாது. இதனைப் போர்டிலேயே 'மெயின்' என்ற பெயரில் சேமித்தால், அடுத்த முறை மின்சாரம் கிடைத்தவுடன் கணினியின் துணையின்றியே போர்டு அதனை நிறைவேற்றும்.

பழுதாகிவிடுமோ என்னும் அச்சம்

முன்னர்க் கூறிய ஊருக்கு நாம் மீண்டும் சென்றபோது இப்போர்டு ஒன்றைக் கொண்டு சென்றிருந்தோம். பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி முதலில் மென்பொருளை ஏற்றிக் காட்டினாள். அடுத்துத் தொட்டி இயக்குபவரை அழைத்தோம். அவர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"நான் தொட்டால் கெட்டுப்போய்விடும், பாப்பா. ஊர்ப் பணத்தில் வாங்கும் பொருள்," என்றார்.

"கெடாது, பெரியப்பா. தவறினால் பொத்தானை அழுத்திக்கொண்டு மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம். நான் மூன்று முறை ஏற்றியிருக்கிறேன்," என்றாள் அவள்.

மாணவி கூறியது முற்றிலும் உண்மை. இப்போர்டிலுள்ள சில்லு தொழிற்சாலையில் உருவாகும்போதே ஒரு சிறிய தொடக்க நிரல் அதில் நிரந்தரமாகப் பதிக்கப்படுகிறது. பூட்செல் பொத்தானை அழுத்தும்போது விழித்தெழுந்து, கணினிக்கு டிரைவ் போலத் தன்னைக் காட்டிக்கொள்வது அந்நிரலே. நாம் ஏற்றும் மென்பொருள் வேறிடத்தில் அமர்கிறது. ஆகவே நாம் எத்தகைய தவறான நிரலை எழுதினாலும் அத்தொடக்க நிரல் அழிவதில்லை. கரும்பலகையில் எழுதியதை அழித்து எழுதலாம். பலகை அப்படியே இருக்கும். மென்பொருளால் இப்போர்டைப் பாழாக்க முடியாது என்பதை அறிந்துகொண்டால், கற்பதற்குத் தடையாயுள்ள அச்சத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். அன்று அப்பெரியவரும் தம் கையாலேயே மென்பொருளை ஏற்றி, விளக்கை எரியச் செய்தார்.

வழக்கமாக நேரும் தடைகள்

டிரைவ் தோன்றாவிடில் முதலில் கேபிளையே ஐயுற வேண்டும். சில கேபிள்களில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே உண்டு. செய்தி செல்லும் கம்பிகள் இரா. அவை கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றும், இவ்வேலைக்கு உதவா. வேறு கேபிளை மாற்றிப் பார்ப்பதே முதல் மருந்து.

டிரைவ் தோன்றியும் மென்பொருள் ஏறாவிடில், வேறு போர்டுக்குரிய கோப்பை எடுத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். 2024இல் வந்த பைகோ 2 போர்டில் உள்ள சில்லு வேறு; அதற்குரிய கோப்பு பழைய பைகோவில் வேலை செய்யாது.

விளக்கு எரியாவிடில், வாங்கியது 2022இல் வெளிவந்த, கம்பியில்லாத் தொடர்பு வசதியுள்ள பைகோ டபிள்யூவா என்று நோக்குக. அதில் விளக்கு 25ஆம் முனையில் இல்லை; நிரலில் எண்ணுக்குப் பதிலாக விளக்கின் பெயரை எழுத வேண்டும். இதனை அறியாமல் நல்ல போர்டைப் பழுதென்று ஒதுக்கிவிடுவோர் உண்டு.

தொட்டிக்கு ஒரு மணி

விளக்கை எரித்த பின், தொட்டி நிரம்பியதை அறிவிக்கும் மணியை அமைக்கலாம். இதற்கு மிதவை ஸ்விட்ச் ஒன்று வேண்டும். நீர் ஏறும்போது மிதவை எழும்பி மின்தொடர்பைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். சந்தையில் கிடைக்கும் சிறு மிதவைகள் பலவற்றில், மிதவையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் இச்செயல் மாறும்.

இவ்விரண்டில் எதனைத் தேர்வது என்பதில் ஒரு முக்கியமான பாடம் உண்டு. தொட்டி நிரம்பாதபோது தொடர்பு சேர்ந்திருக்க வேண்டும். நிரம்பியதும் பிரிய வேண்டும். இவ்வாறு அமைத்தால், எலி கடித்தோ வெயிலில் வெடித்தோ வயர் அறுந்துபோயினும் தொடர்பு பிரிந்து மணி அடிக்கும். உடனே பழுதை அறிந்துகொள்வோம். மாறாக அமைத்தால், வயர் அறுந்த கருவி வாய் திறவாமல் இருக்கும், தொட்டியோ வழிந்துகொண்டிருக்கும். பழுதுற்ற காவற்காரன் உறங்கிவிடலாகாது, கூவ வேண்டும்.

ஸ்விட்சின் ஒரு வயரைப் போர்டின் ஓர் உள்ளீட்டு முனையிலும், மற்றதை 'கிரவுண்டு' முனையிலும் இணைக்க வேண்டும். வயர் நீளமாயின், அவ்வுள்ளீட்டு முனைக்கும் 3.3 வோல்ட் முனைக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்ப்பது நலம். நிரல் வினாடிக்கு ஒரு முறை ஸ்விட்சைப் பார்க்கட்டும். குழாயிலிருந்து விழும் நீரால் தொட்டியில் அலை எழும்; மிதவையும் ஆடும். ஒரே முறை கண்டவுடன் மணியடித்தால் அது விட்டு விட்டு அடித்து அனைவரையும் எரிச்சலூட்டும். ஆகவே தொடர்ந்து பத்து முறை 'நிரம்பியது' என்று கண்டால் மட்டும் மணி அடிக்க வேண்டுமென்று எழுதுக. பத்து என்பதை இருபதாக்க வேண்டுமெனில், நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். யாரையும் அழைக்க வேண்டியதில்லை. யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை

மென்பொருளைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்றோம். மின்சாரத்திற்கு அவசியம் அஞ்ச வேண்டும். இப்போர்டின் முனைகள் 3.3 வோல்ட் அளவுக்கு உரியவை. 5 வோல்ட்டை நேராக இணைத்தாலும் முனை கெடும். அக்கேட்டை எந்த மென்பொருளும் சீர்செய்யாது. முனைகள் தரும் மின்னோட்டமும் மிகச் சிறிது. பெரிய மணியை டிரான்சிஸ்டர் வழியாகவோ ரிலே தொகுதி வழியாகவோ இயக்க வேண்டுமேயன்றி, நேராக இணைக்கலாகாது. மோட்டாரில் பாய்வது உயிரைக் கொல்லும் மின்சாரம். அதன் ஸ்டார்ட்டரை உரிமம் பெற்ற மின்பணியாளரன்றி வேறெவரும் தொடக்கூடாது. முதற்கட்டத்தில் மணி அடித்தால் போதும். மோட்டாரை நிறுத்துவது இயக்குபவரின் கையாகவே இருக்கட்டும். போர்டை மழைநீர் புகாத பெட்டியில் வைப்பதும், இடி மின்னல் வேளைகளில் வயரை முயன்று தொடாதிருப்பதும் அவசியம்.

குறித்த நேரத்தில் இயங்கும் கருவியை அமைக்க விரும்புவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். மின்சாரம் நின்றால் இப்போர்டு நேரத்தை மறந்துவிடும். பட்டன் பேட்டரியோடு கூடிய டிஎஸ்3231 போன்ற கடிகாரத் தொகுதியை உடன் சேர்த்தால் இக்குறை நீங்கும்.

விவசாயிகளுக்கு

கற்ற இவ்வித்தை தொட்டியோடு நிற்பதில்லை. பைகோ போர்டில், ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை அளக்கும் முனைகள் மூன்று உள்ளன. மண்ணின் ஈரத்தை உணரும் உணர்வியை அவற்றுள் ஒன்றில் இணைத்தால், வாழைக்கோ காய்கறிக்கோ நீர் பாய்ச்ச வேண்டிய வேளையை மதிப்பிடலாம். உணர்வி தரும் எண் மண்ணுக்கு மண் வேறுபடும். ஆகவே காய்ந்த மண்ணில் ஒரு முறையும், நன்கு நனைந்த அதே மண்ணில் ஒரு முறையும் வைத்துப் பார்த்து, இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, அவற்றிடையே தம் வயலுக்குரிய எல்லையைத் தாமே வகுக்க வேண்டும். இவ்வெல்லையை வகுக்க வல்லவர் அந்நிலத்தில் உழைப்பவரேயன்றி, எங்கோ இருந்து நிரல் எழுதி விற்பவர் அல்லர்.

பஞ்சாயத்துகள் செய்ய வேண்டியவை

முதலாவது, எந்தத் தானியங்கிக் கருவியை வாங்கினாலும், நிரலின் நகலும் அதனை மாற்றும் உரிமையும் பஞ்சாயத்துக்கு உண்டு என்பதை வாங்கும் உத்தரவிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கையெழுத்திட்ட பின் கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது, எந்த முனையில் எந்த வயர், ஏற்றிய மென்பொருளின் பதிப்பு எது, ஏற்றிய நாள் எது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி, நிரலின் நகலோடு பஞ்சாயத்து அலுவலகத்தில் வைக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் போர்டிலுள்ள நிரலைக் கணினியில் நகலெடுத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

மூன்றாவது, இவ்வேலையை இருவராவது கற்றிருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே அறிந்தது, அவர் வெளியூர் சென்ற அன்று ஊருக்கு இல்லாததாகிவிடும்.

நான்காவது, அதே நிரலை ஏற்றிய மாற்றுப் போர்டு ஒன்றை அலமாரியில் வைத்திருக்க வேண்டும். சில நூறு ரூபாயில் முடியும் இச்செலவு, ஊர் நீரின்றித் தவிக்கும் ஒரு நாளைத் தவிர்க்கும்.

நாம் கண்ட அவ்வூரில் பூட்டிய பெட்டி இன்னும் தொட்டியின் அடியில் இருக்கிறது. அதன் அருகே இப்பொழுது ஒரு சிறு மணி அடிக்கிறது. அம்மணி எவ்வாறு அடிக்கிறது என்பதை அறிந்தவர் அவ்வூரில் இருவர் உளர். ஒருவர் பள்ளி மாணவி, மற்றவர் தொட்டி இயக்குபவர். தங்கள் ஊரிலும் அத்தகைய இருவரைத் தேர்ந்து, ஒரு போர்டை வாங்கிக் கொடுத்து, ஒரு மாலைப் பொழுதை அதற்கென ஒதுக்குமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.